புயலும் உள்நாட்டாரும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பிறந்துவிட்டால், செய்தித்தாளைத் திறப்பார் எவரும் முதலிற் காண்பது வங்காள விரிகுடாவிற் புதிதாய்த் தோன்றியிருக்கும் காற்றழுத்தத் தாழ்வினைப் பற்றிய செய்தியே. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் தூத்துக்குடியிலும் துறைமுகக் கம்பத்திற் புயற்கூண்டு ஏறுகின்றது. அக்கூண்டின் எண்ணைக் கொண்டு நெய்தல் நிலத்தார் வரும் அபாயத்தின் அளவை அறிந்து, படகுகளைக் கரையேற்றி வைக்கின்றனர். நம் திண்டுக்கல்லிலோ துறைமுகமும் இல்லை. ஆகவே கூண்டும் இல்லை. கடைத்தெருவிற் செய்தியைப் படித்தவர், "கரைப்பக்கத்து ஜனங்கள் பாவம், என்ன பாடுபடப் போகிறார்களோ" என்று இரங்கிவிட்டுத் தம் அலுவலைக் கவனிக்கச் செல்கின்றார். அந்த இரக்கம் மெச்சத்தக்கதே. ஆயினும், புயல் என்பது கடற்கரையாருக்கு மட்டும் விதித்த துன்பம் என்னும் எண்ணம் அதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் பிழையானது என்பதையும், அப்பிழைக்கு நம் சமவெளி முன்னரே விலை கொடுத்திருக்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புயல் பிறப்பது கடலில் என்பது உண்மை. கடல்நீர் இருபத்தாறு, இருபத்தேழு பாகை செல்சியஸ் அளவிற்கு மேல் வெப்பங் கொண்டிருக்குங் காலத்து, அதன் மீதுள்ள காற்று நீராவியை ஏந்திக்கொண்டு மேலெழுகின்றது. மேலே சென்று குளிர்ந்து முகிலாகுங்கால், நீராவி தன்னுள் அடக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெப்பமே சுழற்காற்றுக்கு உணவாகின்றது. நிலத்தை அடைந்தபின் அவ்வுணவு கிட்டாமையால் காற்றின் வேகம் படிப்படியாகத் தணிந்துவிடும். இதனைக் கண்டே உள்நாட்டார் பலர் தமக்கு அச்சமில்லை என்று இருந்துவிடுகின்றனர். ஆனால், காற்றின் சீற்றம் தணிந்ததனால் முகில் சுமந்து வந்த நீர் குறைந்துவிடுவதில்லை. நமக்கு மேற்கே பழனி மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் நிற்கின்றன. ஈரக்காற்று மலையில் முட்டும்போது மேலெழும்ப வேண்டியதாகின்றது; எழும்பிக் குளிர்ந்து மழையாய்க் கொட்டுகின்றது. ஆகவே, கரையிலுள்ளாரைப் புயல் காற்றினாலும் கடலினாலும் வருத்துகின்றது; நம்மை வருத்துவது ஆற்றினால்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1977-ம் ஆண்டு நவம்பர் 12-ம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்கு அருகே ஒரு கடும்புயல் கரை கடந்தது. அது நிலத்தின்மேல் வலி குன்றி, உள்நாட்டு ஜில்லாக்களின் வழியே மேற்கு நோக்கிச் சென்று, கேரளக் கரைக்கு அப்பால் அரபிக் கடலில் இறங்கியது. திண்டுக்கல் அப்பொழுது தனி ஜில்லா அன்று. மதுரை ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1985-ல்தான் தனியே பிரிக்கப்பட்டது. அந்த 1977-ம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியிற் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பெற்றிருந்த அணை உடைந்தது. ஆற்றோரத்து ஊர்களில் வெள்ளம் புகுந்தது. மனிதரும் மாடுகளும் மாண்டனர், மண்சுவர் வீடுகள் கரைந்தன, விளைநிலங்கள் மணல்மேடாயின. கடலிலிருந்து நெடுந்தொலைவில், கடலலையின் ஓசையைத் தம் வாழ்நாளிற் கேட்டறியாத ஜனங்கள், கடலிற் பிறந்த ஒரு புயலால் வீடிழந்து நின்றனர். பின்னர் அணை மீண்டும் கட்டப்பெற்றது.

இத்துணைப் பெரிய நிகழ்ச்சியை இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்? தனுஷ்கோடி என்றால் அறியாதார் இலர். 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ம் நாள் இரவு, பயணிகளோடு ரயில்வண்டி கடலில் மூழ்கிய கதையைப் பள்ளிச் சிறுவரும் சொல்வர். குடகனாற்றின் கதையை வேடசந்தூர்ப் பக்கத்து முதியோரன்றிப் பிறர் சொல்லக் கேட்பது அரிது. இதற்குக் காரணங்கள் சில உண்டு. அதே மாதம் 19-ம் நாள் ஆந்திர தேசத்துத் திவிசீமையிற் கடல் ஏறிப் பதினாயிரம் அளவில் ஜனங்கள் மாண்டனர். அப்பெருந்துயரின் நிழலில் நம் ஊர்த் துயரம் மறைந்துவிட்டது. மேலும், அக்காலத்தில் இக்கடற்பகுதியின் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கமும் இல்லை. அவ்வழக்கம் தொடங்கியது 2004-ல்தான். பெயரில்லாத் துன்பம் விரைவில் மறக்கப்படுகின்றது. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வறண்ட நிலத்தில் வாழ்வோர் வறட்சியையே நினைவில் வைப்பர். வெள்ளத்தை நினைவில் வைப்பதற்கு ஆறு அவர்களுக்கு உதவி செய்வதில்லை. வெள்ளம் வடிந்த சில மாதங்களிலேயே குடகனாறு வெறும் மணலாய்க் கிடந்திருக்கும். மணலைப் பார்த்தவனுக்கு வெள்ளத்தில் நம்பிக்கை பிறப்பது எப்படி?

நாற்பத்தோராண்டு கழித்து, 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் நாள் மற்றொரு புயல் வந்தது. அதற்கு இலங்கை தேசத்தார் இட்ட பெயர் கஜா. யானை என்னும் பொருளுடைய அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது. நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே நள்ளிரவிற்குப்பின் கரையேறிய அவ்யானை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை மிதித்துக்கொண்டு மேற்கே நடந்து, பொழுது புலர்ந்த பின் நம் ஜில்லாவிற்கும் வந்துசேர்ந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, கொடைக்கானல் மலைப்பாதை மரமும் மண்ணும் விழுந்து அடைபட்டது. 1977-ம் ஆண்டுப் புயலும் 2018-ம் ஆண்டுப் புயலும் ஒரே வாயிலில் நுழைந்து, ஏறக்குறைய ஒரே வழியிற் சென்றமையை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒருமுறை வந்தவரை விருந்தினர் எனலாம். இருமுறை ஒரே வழியில் வந்தவர் வழியை அறிந்தவரே. மூன்றாம் முறை வாரார் என்று யார் உறுதி கூற வல்லார்?

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லுதல் நலம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்நீரின் அளவு பத்து லட்சம் லிட்டர். நூறு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஓர் இரவில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால், ஆயிரங் கோடி லிட்டர் நீர் கீழே இறங்குதற்கு வழி தேடும். 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் ஜில்லாவில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை அதனினும் குறைவு. கடல் வெப்பம் மிகுந்துவரும் இக்காலத்தில் வெப்பமான காற்று முன்னிலும் மிகுந்த நீரைச் சுமக்கின்றது என்பது விஞ்ஞானிகள் நிலைநாட்டிய உண்மை. அத்தகைய மழை பழனி மலைச்சரிவில் ஒருநாள் இறங்குமாயின், ஆயிரமாண்டுப் பழைய கோயிலையும் நேற்றுக் கட்டிய வீட்டையும் அது வேறுபடுத்திப் பாராது. வாய்க்கால் இருக்கின்றதா, இல்லையா என்ற ஒன்றையே அது கேட்கும்.

அவ்வினாவிற்கு நாம் என்ன விடை கூற வல்லோம்? முன்னோர் இந்நிலத்திற் குளங்களையும் கண்மாய்களையும் சங்கிலிபோற் கோத்துவைத்தனர். மேற்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்திற்குச் செல்லும். அது நிறைந்தால் அடுத்ததற்குச் செல்லும். எஞ்சியது ஆற்றை அடையும். இவ்வேற்பாட்டில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது. இன்று கண்ணிகள் பல அறுந்து கிடக்கின்றன. வரத்துக்கால்கள் தூர்ந்துள்ளன, குளத்தின் உள்வாயிற் சீமைக்கருவேல் அடர்ந்துள்ளது, மறுகால் பாய வேண்டிய ஓடையில் வீடுகளும் கடைகளும் எழுந்துள்ளன. நகரத்துக் குப்பைகள் எஞ்சிய இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. நீர் இல்லாத நாட்களில் ஓடை வெற்றிடமாகத் தோன்றுகின்றது. ஆனால் அது வெற்றிடம் அன்று. வெளியூர் சென்றிருக்கும் ஒருவருடைய வீடு பூட்டிக் கிடப்பதுபோல அது கிடக்கின்றது. வீட்டுக்குடையவர் ஒருநாள் திரும்பி வருவார்.

ஓடையிற் குடிசை போட்ட ஏழையை இதன்பொருட்டுப் பழிப்பது எம் கருத்தன்று. அவன் அங்கே சென்றது விரும்பியன்று. மேட்டுநிலம் முன்னரே பிறருக்கு உரியதாயிற்று. ஊரின் தாழ்ந்த நிலத்தைத் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கிய பழைய அநீதியும் இன்னும் முற்றும் நீங்கியபாடில்லை. வெள்ளம் வரும்போது முதலில் நனைவது அவர்கள் பாயே. நிவாரணம் வரும்போது கடைசியிற் சேர்வதும் அவர்களிடமே. ஆதலின், இயற்கையின் சீற்றம் யாவருக்கும் ஒன்றே என்று சொல்லுவது முழு உண்மை ஆகாது. மழை யாவர்மேலும் ஒப்பப் பெய்கின்றது. வெள்ளம் ஒப்பப் பாய்வதில்லை. தெய்வத்தின் செயல் என்று நாம் சொல்லிக்கொள்வதில் ஒரு பாதி மனிதர் செய்துவைத்த ஏற்பாடே என்பதை நெஞ்சறிய ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நம் ஊர் உழவர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. அது நியாயமானது, ஆகவே அதனை மறைத்தல் தகாது. "ஐயா, நீங்கள் புயலைக் கண்டு அஞ்சச் சொல்லுகிறீர்கள். நாங்களோ புயல் வாராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புயல் வந்தாலன்றோ எங்கள் குளம் நிறைகின்றது? அது ஆந்திராப் பக்கம் திரும்பிவிட்டது என்று கேட்டால் எங்கள் வயிறு எரிகின்றது" என்பர் அவர். இதிற் பொய் இல்லை. நம் ஜில்லாவின் பெருமழை வடகிழக்குப் பருவத்திற்கு உரியது. அப்பருவத்திற் கடலிலெழும் தாழ்வுகளும் புயல்களும் கொணரும் மழையை நீக்கிவிட்டால் நம் கிணறுகளின் கதி என்னாகும்? 1876 முதல் 1878 வரை இம்மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நினைவு இம்மண்ணினின்று இன்னும் அகலவில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தது காரணமின்றியன்று. எனவே, புயல் வேண்டாம் என்று நாம் வேண்டிக்கொள்ளவும் இயலாது. வருக என்று வாளா இருக்கவும் இயலாது. கடற்கரையாருக்கில்லாத இத்தருமசங்கடம் நமக்குண்டு.

விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றைப் படித்தவர்கள் இதற்கு ஒரு வழி காண்பார்கள். மூன்றாண்டு வறட்சியின் இறுதியில் அவர் கர்மேல் மலைமீதிருந்து மழைக்காக மன்றாடினார். ஏவலாளன் ஏழாம் முறை சென்று நோக்கியபோது, கடலினின்று ஒரு மனிதனுடைய உள்ளங்கை அளவான சிறு மேகம் எழும்பக் கண்டான். அது கேட்ட எலியா, மழை வந்துவிட்டது என்று மகிழ்ந்து அமர்ந்துவிடவில்லை. மழை வழியை அடைக்குமுன் இரதத்தைப் பூட்டிப் புறப்படும்படி ஆகாப் அரசனுக்கு உடனே சொல்லியனுப்பினார். மழைக்காக வேண்டிய அதே வாய் எச்சரிக்கையும் கூறியது. வறண்ட நாட்டாருக்கு ஏற்ற பக்தி இதுவென்றே கருதுகின்றோம். மழையை வேண்டுதலும், வரும் மழைக்கு வழி ஒழுங்குசெய்தலும் இரண்டல்ல, ஒன்றே. தூர்வாரப்பட்ட வரத்துக்கால் சிறுமழையைக் குளத்திற் சேர்க்கின்றது. பெருமழையை ஊருக்குள் விடாமல் ஒதுக்கிக் கொண்டுபோகின்றது. ஒரே வேலையால் வறட்சி, வெள்ளம் என்னும் இரு பகைவரையும் எதிர்க்கலாமாயின், அதனைச் செய்யாதிருத்தற்கு என்ன சாக்கு உண்டு?

இது புதிய உபதேசமும் அன்று. குடிமராமத்து என்பது நம் நாட்டின் பழைய வழக்கம். ஊரார் ஆண்டுதோறும் கூடித் தம் வாய்க்காலையும் கரையையும் தாமே செப்பனிட்டனர். அவ்வழக்கம் நலிவதைக் கண்டு, 1858-ம் ஆண்டிற் சென்னை மாகாணத்திற் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. அன்பினாற் செய்தது சட்டத்தால் நிலைபெறவில்லை. 2017-ம் ஆண்டளவிற் குடிமராமத்து என்னும் பெயரிலேயே சர்க்கார் மீண்டும் ஒரு திட்டம் தொடங்கியது. பேரிடர்களை எதிர்கொள்ளுவதற்கென 2005-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் இயற்றி, ஜில்லாதோறும் கலெக்டரின் தலைமையில் ஓர் அமைப்பு இருக்க வேண்டுமென விதித்தது. இவை யாவும் நன்றே. ஆயினும், காகிதத்தில் எழுதிய திட்டம் மண்வெட்டியைத் தூக்காது. ஊரார் கண் விழித்திராத ஊரிற் சட்டமும் உறங்கிவிடும்.

கல்லூரி மாணவர் இதற்கு என்ன செய்யலாகும் என்று சிலர் வினவக்கூடும். புயல் அடித்துச் சென்றபின் துணியும் அரிசியும் திரட்டி அனுப்புவதில் நம் மாணவர் எவர்க்கும் பின்வாங்கியதில்லை. அத்தொண்டைக் குறைத்துக் கூறுவோமல்லோம். எனினும், விழுந்தபின் தூக்குவதினும் விழாமற் காத்தல் மேலன்றோ? யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கல்லூரியிலும், மாணவர் வந்துசேரும் ஊர்கள் பலவற்றிலும் மழைமானி ஒன்று வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்துப் பதிவு செய்தல். தன் ஊரில் எத்தனை மழை பெய்தது என்று அறியாதவன், எத்தனை மழையைத் தன் ஊர் தாங்கும் என்பதை எங்ஙனம் அறிவான்? இரண்டாவது, கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் குளத்தின் வரத்துக்காலைத் தொடக்கம் முதல் இறுதி வரை கால்நடையாய் நடந்து பார்த்து, எங்கெங்கே தூர்ந்துள்ளது, எங்கெங்கே அடைபட்டுள்ளது என்று படம் வரைந்து, ஊராட்சியாரிடமும் கலெக்டர் அலுவலகத்திலும் கொடுத்தல். மூன்றாவது, ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் உள்ள வீடுகளில் முதியோர், நோயாளர், கைக்குழந்தை உடையார் யாவர் என்று முன்னரே அறிந்து, எச்சரிக்கை வந்த இரவில் அவர்களை எந்த மேட்டுக்கு எவர் அழைத்துச் செல்வது என்பதை ஊராரோடு கலந்து முடிவு செய்தல். ஆலய மணியும் கோயில் முரசும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அவ்விரவில் ஒரே செய்தியைச் சொல்லட்டும். வெள்ளத்திற்குச் சாதியும் சமயமும் தெரியாது என்பதை நாம் மேடையிற் சொல்லி மகிழ்கின்றோம். அதனைச் செயலிற் காட்டும் இடம் அதுவே.

இவை சிறு காரியங்கள் என்று எவரும் இகழ வேண்டா. 1964-ம் ஆண்டுப் புயலின்போது தனுஷ்கோடியார் அறியாமலே அகப்பட்டனர். 2018-ல் கஜா கரையேறுமுன் பல்லாயிரம் பேர் தாழ்ந்த இடங்களினின்று அகற்றப்பட்டிருந்தனர். இவ்விரண்டிற்கும் இடையே காற்று கருணை உடையதாய் மாறிவிடவில்லை; மனிதர் முன்னறிந்து நடந்துகொள்ளக் கற்றனர். கடற்கரையார் அரை நூற்றாண்டிற் கற்ற அப்பாடத்தை உள்நாட்டாராகிய நாம் இன்னும் தொடங்கவேயில்லை. அவர்களுக்குத் துறைமுகக் கூண்டு ஆசிரியராக இருந்தது. நமக்கு யார் ஆசிரியர்?

மாணவ நண்பர்காள், வேடசந்தூர்ப் பக்கம் செல்லும்போது குடகனாற்றுப் பாலத்தின்மேற் சற்று நின்று பாருங்கள். பெரும்பாலும் மணலையும் முள்ளையுமே காண்பீர்கள், ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவ்வூரில் எழுபது, எண்பது வயது நிரம்பிய முதியவர் ஒருவரைக் கண்டால், 1977-ம் ஆண்டில் நீர் எதுவரை ஏறியது என்று அன்போடு கேளுங்கள். அவர் கையை உயர்த்தி ஒரு சுவரையோ மரத்தையோ காட்டக்கூடும். அவர் காட்டிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டு ஏறாத நம் ஊருக்கு அம்முதியவர் உயர்த்திய கையே கூண்டு. அவர் இருக்கும்போதே அதனைக் கண்டுகொள்ளுதல் நம் கடன்.